திருத்தித் திருத்தி எழுதிய டெபுடி மாஜிஸ்திரேட்

கல்கத்தாவில் நாலைந்து வருஷம் இருந்துவிட்ட தமிழர்களில் காலேஜ் தெரு காபி ஹவுஸுக்கு ஒரு தடவையாவது போகாதவர்கள் குறைவு. ஆனால் அந்தக் காபி ஹவுஸ் இருப்பது காலேஜ் தெருவில் அல்ல. அதிலிருந்து பிரிகிற பங்கிம் சாட்டர்ஜி தெருவில். ஹௌரா ஸ்டேஷன் பக்கத்தில் ரயில் பாதைகளுக்கு மேலே போகும் பெரிய பாலத்துக்கும் அவர் பெயர்தான். பங்கிம் சேது என்பார்கள். தினமும் அதன்மீது போய் வருகிற நம்மவர்கள் எத்தனையோ பேர்.

வந்தே மாதரம் பாட்டை எழுதியவர் என்று பங்கிம் சந்திர சாட்டர்ஜியை எல்லோருக்கும் தெரியும். அவர் 33 வருஷம் சர்க்கார் உத்தியோகம் பார்த்தவர் என்பதும், எழுத்து அவருக்குப் பிழைப்பாக இருந்ததே இல்லை என்பதும் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. பகலில் வழக்கு, வரி, விசாரணை. மிஞ்சிய நேரத்தில் எழுத்து. அந்த மிஞ்சிய நேரத்தில் வங்காளியில் 14 நாவல்களும், அதற்கு மேல் கட்டுரைப் புஸ்தகங்களும் எழுதினார். எழுதியதோடு விடவில்லை. அச்சாகி விற்றுப்போன புஸ்தகத்தையும் மறுபடி மறுபடி எடுத்துத் திருத்திக்கொண்டே இருந்தார்.

நைஹாட்டி வீடு

சியால்டாவிலிருந்து மெயின் லைனில் போனால் நைஹாட்டி. ஸ்டேஷனில் இறங்கி நடந்தே போய்விடக்கூடிய தூரத்தில் காந்தால்பாரா. காந்தால் என்றால் வங்காளியில் பலா. அங்கே 1838 ஜூன் மாதம் பங்கிம் சந்திரர் பிறந்தார். தகப்பனார் யாதவ் சந்திரர் மேதினிப்பூரில் டெபுடி கலெக்டராக இருந்தவர். நாலு பிள்ளைகளில் பங்கிம் மூன்றாமவர். அண்ணன் சஞ்சீவ் சந்திரரும் தம்பி பூர்ண சந்திரரும் பின்னால் எழுத்தாளர்கள் ஆனார்கள். தம்பி எழுதி வைத்த நினைவுக் குறிப்புகளால்தான் அண்ணனைப் பற்றிய பல விஷயங்கள் இன்று நமக்குத் தெரிகின்றன.

மேதினிப்பூரில் ஆரம்பப் படிப்பு. பிறகு ஆற்றுக்கு அக்கரையில் ஹூக்ளி காலேஜ். படிக்கும்போதே ஈஸ்வர் குப்தரின் சம்பாத் பிரபாகர் பத்திரிகைக்குக் கவிதைகள் அனுப்பினார். அதே பத்திரிகையில் எழுதிப் பழகிய இன்னொருவர் தீனபந்து மித்ரர். அவர் தபால் இலாகாவில் சேர்ந்து, ஊர் ஊராகச் சுற்றிக்கொண்டே நீல் தர்ப்பண் நாடகத்தை எழுதினார். இருவரும் கடைசிவரை நண்பர்கள். உத்தியோகத்தையும் பேனாவையும் ஒன்றாகச் சுமந்தவர்கள் அந்தக் காலத்து வங்காளத்தில் நிறையப் பேர் இருந்தார்கள்.

1856இல், 18 வயதில், பங்கிம் தம் கவிதைகளைப் புஸ்தகமாகப் போட்டார். யாரும் கண்டுகொள்ளவில்லை. அதற்குப் பிறகு கவிதையில் பெயர் வாங்குகிற ஆசையை அவர் மெல்ல விட்டுவிட்டார்.

கல்கத்தா சர்வகலாசாலை முதல் தடவையாக பி.ஏ. பரீட்சை நடத்தியது 1858இல். தேறியவர்கள் இரண்டே பேர். ஒருவர் யதுநாத் போஸ், மற்றவர் பங்கிம். அந்த இருவருக்கும் ஒரு பாடத்தில் மார்க் போதாமல், கருணை மார்க் போட்டுத்தான் தேற வைத்தார்கள். இந்தியாவின் முதல் பட்டதாரிகளில் ஒருவர் இப்படித் தேறினார் என்பது பரீட்சை எழுதுகிற நம் பிள்ளைகளுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருக்கலாம்.

அதே வருஷம் ஆகஸ்டில் ஜெசூரில் டெபுடி மாஜிஸ்திரேட் உத்தியோகம் கிடைத்தது. மறு வருஷம் முதல் மனைவி இறந்துபோனார். 1860இல் ராஜலட்சுமி தேவியை மணந்தார். அப்போதிருந்து மாற்றல்தான். நேகுவா, குல்னா, பாருய்பூர், பஹரம்பூர், ஹூக்ளி, ஹௌரா, ஒரிஸ்ஸாவில் ஜாஜ்பூர், அலிப்பூர் என்று மூட்டை கட்டிக்கொண்டே இருந்தார். எந்த ஊரிலும் நிம்மதியாக உட்கார்ந்து எழுத ஒரு நிரந்தர மேஜை அவருக்கு இருந்தது என்று சொல்ல முடியாது.

இலக்கணப் பிழை இருந்ததா?

முதல் நாவலை அவர் இங்கிலீஷில் எழுதினார். ராஜ்மோகன்ஸ் வைஃப் என்ற அந்தக் கதை 1864இல் இண்டியன் ஃபீல்டு என்ற வாரப் பத்திரிகையில் தொடராக வந்தது. புஸ்தகமாகப் போடவில்லை. அதோடு இங்கிலீஷில் கதை எழுதுவதையும் விட்டார்.

குல்னாவில் இருந்தபோதே வங்காளியில் துர்கேஷ்நந்தினியைத் தொடங்கி, பாருய்பூரில் முடித்தார். இதை அச்சுக்குக் கொடுக்கும் முன்பு விடுமுறையில் காந்தால்பாரா வீட்டில் எல்லோரையும் உட்கார வைத்துப் படித்துக் காட்டினார் என்று தம்பி எழுதுகிறார். பக்கத்தில் பாட்பாரா சம்ஸ்கிருதப் படிப்புக்குப் பேர்போன ஊர். அங்கிருந்து பண்டிதர்களும் வந்திருந்தார்கள். கேட்டவர்கள் நேரம் போனது தெரியாமல் கேட்டார்கள். முடிந்ததும் கதை எப்படி என்று பங்கிம் கேட்கவில்லை. இலக்கணப் பிழைகள் கண்ணில் பட்டனவா என்றுதான் பண்டிதர்களைக் கேட்டார். கதையில் மூழ்கிப்போனதால் அதைக் கவனிக்கவே இல்லை என்றார் ஒருவர். இன்னொருவர், சில இடங்களில் பிழையைக் கவனித்ததாகவும், ஆனால் அந்த இடங்களில்தான் நடை இன்னும் இனிப்பாக இருந்ததாகவும் சொன்னாராம்.

வேறொருவராக இருந்தால் அந்தப் பாராட்டோடு போதும் என்று இருந்திருப்பார். 1865இல் வெளிவந்த அந்த நாவலுக்கு அவர் காலத்திலேயே 13 பதிப்புகள் வந்தன.

அடுத்தது கபாலகுண்டலா. 1860இல் மேதினிப்பூர் ஜில்லாவில் கடலோரப் பக்கத்து நேகுவாவில் வேலை பார்த்தபோது ஒரு காபாலிகச் சாமியார் இரவு நேரத்தில் வந்து வந்து அவரைப் பார்த்துப் போனார் என்று ஒரு செய்தி உண்டு. அந்தக் கடற்கரையும் காடும் சாமியாரும் நாவலாகி வெளிவந்தது 1866இல். ஆறு வருஷம் மனசில் ஊறிய கதை அது.

மாதம் தவறாத பத்திரிகை

இப்படி ஆற அமர எழுதிக்கொண்டிருந்தவர் 1872 ஏப்ரலில், வங்காள வருஷப் பிறப்பு மாதத்தில், தாமே ஒரு மாதப் பத்திரிகை தொடங்கினார். பெயர் பங்கதர்சன். அப்போது அவருக்கு உத்தியோகம் பஹரம்பூரில். பத்திரிகை அச்சானது கல்கத்தா பவானிப்பூரில். கல்கத்தாவிலிருந்து பஹரம்பூருக்கு அந்த நாளில் நேர் ரயில் கிடையாது. அந்தப் பாதை வந்தது 1905இல். கச்சேரி வேலை முடிந்த பிறகு எழுதி, வந்த கட்டுரைகளைப் பார்த்துத் திருத்தி, அத்தனை காகிதத்தையும் நேரத்துக்குக் கல்கத்தா அனுப்பியாக வேண்டும். மறு வருஷம் அச்சுக்கூடத்தைக் காந்தால்பாராவுக்கே கொண்டுவந்தார்கள். அண்ணன் சஞ்சீவ் பொறுப்பு ஏற்றார்.

பத்திரிகையின் பெரும் பகுதியைப் பங்கிமே எழுதினார். விஷவிருக்ஷம் தொடர்கதை முதல் இதழிலேயே ஆரம்பம். அதோடு புஸ்தக விமரிசனம், விஞ்ஞானக் கட்டுரை, சரித்திரம், கேலிக் கட்டுரை. எழுத மனசு இருக்கிறதா இல்லையா என்று பார்க்க இடமே இல்லை. மாதம் பிறந்தால் பக்கம் நிரம்பியாக வேண்டும். சிறுவன் ரவீந்திரநாத், ஜோராசாங்கோ வீட்டில், பெரியவர்கள் படித்து முடிக்கும்வரை பங்கதர்சனுக்காகத் தவம் கிடந்ததைப் பிற்காலத்தில் எழுதியிருக்கிறார்.

இந்தப் பத்திரிகையில்தான் கமலாகாந்தன் பிறந்தான். அபின் தின்கிற ஏழைப் பிராமணன். அவனுக்கு ஒரு துரை குமாஸ்தா வேலை கொடுக்கிறார். அவனோ ஆபீஸ் கணக்குப் புஸ்தகத்தில் கவிதை எழுதுகிறான், படம் போடுகிறான். ஒரு நாள் சம்பளப் பட்டியல் தயாரிக்கச் சொல்கிறார்கள். பிச்சைக்காரர்கள் துரையிடம் பிச்சை கேட்பது போலவும் துரை இரண்டு நாலு காசை விட்டெறிவது போலவும் படம் வரைந்து, உண்மையான சம்பளப் பட்டியல் இதுதான் என்று எழுதிவைக்கிறான். வேலை போகிறது. சர்க்கார் சம்பளம் வாங்கிக்கொண்டே ஒரு டெபுடி மாஜிஸ்திரேட் இதை எழுதினார். குமாஸ்தாக்களின் கஷ்டம் அவருக்குத் தெரியாமல் இல்லை.

டிராயருக்குள் போன பாட்டு

பக்கம் நிரப்புகிற அவஸ்தையிலிருந்துதான் அந்தப் புகழ்பெற்ற சம்பவம் வருகிறது. 1870களின் நடுவில் நடந்தது. இதையும் பூர்ண சந்திரரே சொல்கிறார்.

பங்கதர்சன் அச்சுக்கூடத்துப் பண்டிதர் ஒரு நாள் பங்கிமின் மேஜைக்கு வந்தார். ஒரு பக்கம் போல இடம் காலியாக நிற்கிறது. ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று கேட்டார். மேஜைமேல் ஒரு காகிதத்தில் வந்தே மாதரம் எழுதிக் கிடந்தது. அதை எடுத்துப் பார்த்த பண்டிதர், இதுவும் மோசமில்லை, இடத்தை நிரப்ப இதையே போட்டுவிடலாமே என்றார். பங்கிமுக்குக் கோபம் வந்தது. காகிதத்தை வாங்கி மேஜை டிராயரில் போட்டார். இது நல்லதா கெட்டதா என்று இப்போது தெரியாது, சில காலம் போன பிறகுதான் தெரியும், அப்போது நான் இல்லாமல் போகலாம், நீர் இருக்கலாம் என்கிற கருத்தில் பதில் சொன்னார்.

அந்தப் பண்டிதரை நாம் கேலி செய்ய வேண்டியதில்லை. கம்பாசிட்டர் காத்திருக்க, காலிப் பக்கத்தோடு அல்லாடியவர் அவர். அவருக்கு எழுத்துக்களின் எண்ணிக்கைதான் முக்கியம்.

பாட்டு உடனே அச்சேறவில்லை. 1881, 82இல் ஆனந்தமடம் தொடர்கதையாக வந்தபோதுதான், கதைக்குள் சந்நியாசிகள் பாடும் பாட்டாக வெளியே வந்தது. 1896இல் கல்கத்தா காங்கிரஸில் ரவீந்திரநாத் அதைப் பாடினார். 1905இல் வங்கப் பிரிவினையின்போது தெருவெல்லாம் அதுவே முழக்கம். நம் பாரதியார் இரண்டு தடவை தமிழில் ஆக்கினார். 1950 ஜனவரி 24இல் தேசிய கீதத்துக்குச் சமமான மரியாதை அதற்குண்டு என்று ராஜேந்திர பிரசாத் அறிவித்தார். இதில் எதையும் பங்கிம் பார்க்கவில்லை.

கேஸிலிருந்து மறுபடி எழுத்து

நாலு வருஷம் பங்கதர்சனை நடத்திவிட்டு 1876இல் நிறுத்தினார். மறு வருஷம் அண்ணன் சஞ்சீவ் மீண்டும் தொடங்கினார். பங்கிம் அதில் தொடர்ந்து எழுதினார். ஆனால் ஆசிரியர் பாரம் தலையில் இல்லை.

மாதக் கெடுவுக்காக அவசரத்தில் எழுதியவை நாவல்களாகக் கையில் இருந்தன. அவற்றை என்ன செய்வது? இங்கே அந்த நாளைய அச்சு வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாகக் கையால் கோத்துப் பக்கம் கட்டுவார்கள். அச்சாகி முடிந்ததும் பக்கங்களைக் கலைத்து எழுத்துகளைத் திரும்ப அந்தந்தக் கேஸில் போட்டுவிடுவார்கள். ஈயம் விலை அதிகம். கட்டிய பக்கத்தை அப்படியே வைத்திருக்க முடியாது. ஆகவே இரண்டாம் பதிப்பு என்றால் முதல் எழுத்திலிருந்து மறுபடி கோக்க வேண்டும். பழைய புஸ்தகத்தைக் கம்பாசிட்டர் முன்னால் வைப்பார்கள். பழைய பிழைகளில் சில போகும், புதுப் பிழைகள் சில வரும். புரூப்பும் புதிதாகப் பார்த்தாக வேண்டும். பல எழுத்தாளர்களுக்கு இது தலைவலி. பங்கிமுக்கோ இது வாய்ப்பு. எப்படியும் எல்லாவற்றையும் மறுபடி கோக்கத்தானே போகிறார்கள், கதையையே மறுபடி பார்த்துவிடலாம் என்பது போல் அவர் நடந்துகொண்டார்.

இந்திரா என்ற கதை 1873இல் புஸ்தகமானபோது 45 பக்கம். புருஷன் வீட்டுக்குப் போகிற வழியில் கொள்ளைக்காரர்களிடம் சிக்கிய பெண், வேறொரு வீட்டில் சமையற்காரியாக இருந்து கடைசியில் புருஷனை அடைகிற கதை. 20 வருஷம் கழித்து 1893இல் ஐந்தாம் பதிப்பு வந்தபோது 177 பக்கம். ராஜசிம்மன் 1882இல் 83 பக்கம். 1893இல் நாலாம் பதிப்பில் 434 பக்கம். பெயர்தான் பழையது, புஸ்தகம் புதியது.

கிருஷ்ணகாந்தரின் உயில் இன்னும் சுவாரசியம். மனைவி பிரமரை விட்டுவிட்டு ரோகிணி என்ற விதவையோடு போகிறான் கோவிந்தலால், பிறகு ரோகிணியைக் கொல்கிறான், பிரமரும் இறந்துபோகிறாள். முதலில் வந்தபோது கோவிந்தலால் குளத்தில் விழுந்து செத்தான். பின்னால் வந்த பதிப்பில் பங்கிம் அவனைச் சாக விடவில்லை. காணாமல் போய், பன்னிரண்டு வருஷம் கழித்துச் சந்நியாசியாகத் திரும்பி வருகிறான். பழைய முடிவைப் படித்தவர்களும் புதிய முடிவைப் படித்தவர்களும் சந்தித்துக்கொண்டால் என்ன சண்டை போட்டிருப்பார்களோ!

திருத்தியதெல்லாம் தேறியது என்று சொல்லிவிடவும் முடியாது. ஆனந்தமடத்துக்கு அவர் காலத்தில் ஐந்து பதிப்புகள். இங்கிலீஷ்காரர்களைப் பற்றிப் பேசுகிற இடங்களில் சில பதிப்புக்குப் பதிப்பு மாறின, ஊர்கூட மாறியது. கலைக்காக மாற்றினாரா, உத்தியோகத்தை நினைத்து மாற்றினாரா என்று ஆராய்ச்சியாளர்கள் இன்னும் தர்க்கம் செய்கிறார்கள். அவர் நிலைமை எளிதாக இல்லை என்பது மட்டும் உறுதி. அந்தக் கதை ஓடிக்கொண்டிருந்த 1881இல்தான் வங்காள சர்க்கார் செயலகத்தில் உதவிச் செயலாளர் பதவி கொடுத்தார்கள். சில மாதத்தில் அந்தப் பதவியே வேண்டாம் என்று எடுத்துவிட்டு, பழையபடி டெபுடி மாஜிஸ்திரேட்டாக அனுப்பினார்கள்.

சாம்யம் என்று 1879இல் ஒரு புஸ்தகம். ஏழை பணக்காரன், ஆண் பெண் சமத்துவத்தைப் பற்றியது. பிற்காலத்தில் அதிலுள்ள கருத்துகள் தவறு என்று சொல்லி மறுபதிப்புப் போட மறுத்துவிட்டார். விட்டுவைத்திருக்கலாம் என்று வருத்தப்படுகிறவர்கள் உண்டு. வருத்தத்தில் நியாயமும் உண்டு. 1886இல் வந்த கிருஷ்ண சரித்திரத்தை 1892இல் விரிவாக்கியபோது, தம் அபிப்பிராயம் மாறியிருப்பதை முன்னுரையில் ஒளிக்காமல் ஒப்புக்கொண்டார். வயது ஏறி, படிப்பு ஏறியும் அபிப்பிராயம் மாறாமல் இருப்பதை அவர் பெருமையாக நினைக்கவில்லை.

புதிய எழுத்தாளருக்கு

1884இல் அவருடைய மருமகன் பிரசார் என்ற பத்திரிகை தொடங்கினார். அதில் 1885 ஆரம்பத்தில், புதிதாக எழுத வருகிறவர்களுக்குப் பன்னிரண்டு குறிப்புகளைப் பங்கிம் எழுதினார். இரண்டு மூன்று பக்கம்தான். பேருக்காக எழுதாதே, காசுக்காக எழுதாதே என்று ஆரம்பம். காசு விஷயத்தில் அவருக்குச் சம்பளம் இருந்தது, சொல்வது சுலபம் என்று யாராவது சொன்னால் அதற்குப் பதில் இல்லை.

ஆனால் நடுவில் வருகிற குறிப்பு அனுபவத்திலிருந்து வந்தது. எழுதியதை உடனே அச்சுக்குக் கொடுக்காமல் கொஞ்ச நாள் வைத்திருந்து, பிறகு எடுத்துப் பார்க்கச் சொல்கிறார். எழுதின சூட்டில் தெரியாத குற்றமெல்லாம் அப்போது தெரியும் என்கிறார். கவிதை, நாடகம், நாவல் என்றால் ஒன்றிரண்டு வருஷமே வைத்திருக்கலாமாம். கூடவே, மாதப் பத்திரிகைக்கு எழுதுகிறவர்களுக்கு இது முடியாது, ஆகையால் பத்திரிகை எழுத்து எழுதுகிறவனுக்குக் கெடுதல் என்றும் சேர்த்துவிட்டார். வங்காளத்திலேயே பேர்போன மாதப் பத்திரிகையை நடத்தியவர் வாயிலிருந்து இது வருகிறது.

இன்னொன்று, எழுதுகிற எல்லோருக்கும் கசக்கும். அலங்காரமாக, வேடிக்கையாக அமைந்துவிட்டது என்று நீயே மெச்சிக்கொள்கிற இடத்தை அடித்துவிடு என்பது பழைய விதி, நான் அப்படிச் சொல்லவில்லை என்கிறார். ஆனால் அந்த இடத்தை நண்பர்களுக்குத் திரும்பத் திரும்பப் படித்துக் காட்டச் சொல்கிறார். சரக்கு நல்லதாக இல்லாவிட்டால், இரண்டு நாலு தடவை படித்ததும் படிக்கிறவனுக்கே வெட்கம் வந்துவிடும். பிறகு தானே அடித்துவிடுவான். காந்தால்பாரா வீட்டில் பண்டிதர்களை உட்கார வைத்துப் படித்தவர் அல்லவா! தெரியாத பாஷையிலிருந்து மேற்கோள் காட்டாதே, கையில் ஆதாரம் இல்லாத விஷயத்தை எழுதாதே என்றும் அந்தப் பன்னிரண்டில் உண்டு.

மெடிக்கல் காலேஜ் எதிரில்

1887இல் கல்கத்தாவில், மெடிக்கல் காலேஜுக்கு எதிர்ப்பக்கம் பிரதாப் சாட்டர்ஜி சந்தில் ஒரு வீடு வாங்கினார். சீதாராம் நாவல் வந்ததும் அந்த வருஷம்தான். அதற்குப் பிறகு புது நாவல் இல்லை. 1891 செப்டம்பரில் உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றார். ஓய்வு பெற்றவர் புதிதாக ஒரு நாவல் தொடங்குவார் என்றுதான் யாரும் எதிர்பார்ப்பார்கள். பங்கிம் பழைய புஸ்தகங்களை எடுத்து வைத்துக்கொண்டார். கிருஷ்ண சரித்திரமும் ஆனந்தமடத்தின் ஐந்தாம் பதிப்பும் 1892இல் முடிந்தன. இந்திராவும் ராஜசிம்மனும் துர்கேஷ்நந்தினியின் கடைசிப் பதிப்பும் 1893இல். உடம்பில் நீரிழிவு முற்றிக்கொண்டிருந்தது. 1894 ஏப்ரல் 8ஆம் தேதி அந்த வீட்டிலேயே காலமானார். வயது 55.

ஒரு நாவல் மட்டும் அவர் கை மறுபடி படாமல் நின்றுபோயிற்று. 1864இல் இங்கிலீஷில் எழுதிய அந்த முதல் கதைதான். அதை வங்காளியில் மாற்றி எழுதலாம் என்று கொஞ்சம் தொடங்கி, சில அத்தியாயங்களோடு விட்டுவிட்டார். பத்திரிகை இதழ்களைத் தேடியெடுத்து பிரஜேந்திரநாத் பானர்ஜி அதைப் புஸ்தகமாக வெளியிட்டது 1935இல். முதல் மூன்று அத்தியாயங்கள் கிடைக்கவில்லை. பங்கிம் அரைகுறையாக விட்டுப்போன வங்காளி மொழிபெயர்ப்பை மறுபடி இங்கிலீஷாக்கி, அந்த இடத்தை நிரப்பினார்கள்.